பிரீசருக்குள் ஒரு கல்: புதிதாகப் பிரிட்ஜ் வாங்கியவர்கள் விடும் பிழைகள்

போன ஞாயிறு, மேல் மாடியில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் என் கதவைத் தட்டினார்கள்.

"அன்ரி, உங்களிட்டச் சுத்தியல் இருக்கா?"

"ஏன் பிள்ளை?"

"மீன் எடுக்க."

சம்பளம் வந்த உற்சாகத்தில் மூன்று கிலோ அறக்குளா வாங்கி, கடைக்காரர் தந்த சொப்பிங் பையோடு அப்படியே பிரீசருக்குள் தள்ளியிருக்கிறார்கள். இப்போது அது கல். பையின் அடிப்பக்கம் பிரீசரின் தரையோடு ஒட்டிப்போய்விட்டது. பக்கத்தில் ஒரு கத்தி வேறு. நான் சுத்தியல் கொடுக்கவில்லை, கத்தியையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளவத்தையில் 15 வருடமாகச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிறேன். இந்தப் பிள்ளைகள் விடும் பிழைகளில் நான் விடாதது ஒன்றுமில்லை. மூடி போட்டு வை, கதவைச் சரியாகச் சாத்து என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அவற்றை விடுகிறேன்.

மொத்த மீனையும் ஒரே கட்டியாக வைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

வீட்டுப் பிரீசர் மீன் தொழிற்சாலைப் பிரீசர் அல்ல. மூன்று கிலோவை ஒன்றாகத் திணித்தால் வெளிப்பக்கம் இறுகிவிடும், நடுப்பகுதி உறைய வெகுநேரம் எடுக்கும். மெதுவாக உறையும்போது சதைக்குள் பெரிய பனித்துகள்கள் உண்டாகி நார்களைக் கிழிக்கும். பிறகு இளகும்போது தண்ணீர் எல்லாம் ஓடிவிடும். குழம்பில் போட்டால் மீன் சக்கையாக உதிரும். "அன்ரி, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்பார்கள். பாவம், அவன் நல்ல மீன்தான் கொடுத்திருப்பான்.

எடுக்கும்போதுதான் பெரிய கூத்து. தேவை நாலு துண்டு, ஆனால் கட்டி முழுவதையும் இளக்க வேண்டும். காலையில் சிங்கில் போட்டுவிட்டு வேலைக்குப் போய், பொழுதுபட வருவார்கள். கொழும்பு வெக்கையில் வெளிப்பக்கம் எட்டு மணித்தியாலம் கிடக்கும், நடுவில் இன்னும் பனி இருக்கும். நாலு துண்டை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைத் திரும்ப உள்ளே வைப்பார்கள். அடுத்த ஞாயிறும் இதே கதை. பிரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்க மட்டும்தான் வைக்கும். வெளியே எடுத்ததும் அவை எழும்பி, விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

சூரை, அறக்குளா போன்ற மீன்களில் இன்னொரு வில்லங்கம் உண்டு. அவை வெக்கையில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். கொதிக்க வைத்தாலும் போகாது, திரும்ப உறைய வைத்தாலும் போகாது. மணத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வாய் எரியும், முகம் சிவக்கும், தலை இடிக்கும். "எனக்கு மீன் அலர்ஜி" என்று மீனையே விட்டவர்களை எனக்குத் தெரியும். சிலருக்கு அது உண்மையான அலர்ஜியாக இருக்கலாம். சிலருக்குச் சிங்கில் கிடந்த மீனாகவும் இருக்கலாம்.

என் கதைக்கு வருகிறேன். கொழும்புக்கு வந்த முதல் வருடம் தவணைக்கு ஒரு சின்னப் பிரிட்ஜ் எடுத்தேன், ஒற்றைக் கதவு. இதே மாதிரி ஒரு கட்டி ஒட்டிக்கொண்டது. கத்தியை விட்டு நெம்பினேன். 'ஸ்ஸ்...' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்த வகைப் பிரிட்ஜில் பிரீசர் பெட்டியின் அலுமினியச் சுவருக்குள்ளேயே வாயுக் குழாய் ஓடுகிறது என்பதைப் பழுது பார்க்க வந்த பாஸ் சொல்லித்தான் அறிந்தேன். ஓட்டையை ஒட்டினாலும் நெடுநாள் நிற்காது, பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார். தவணை இன்னும் ஏழு மாதம் மிச்சம் இருந்தது. இப்போது வரும் பல பிரிட்ஜ்களில் இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு. அந்தச் சத்தம் கேட்டால் ஜன்னலைத் திறவுங்கள், அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள்.

ஒட்டிக்கொண்டால் பிரிட்ஜை நிறுத்திவிட்டு, ஒரு கிண்ணம் வெந்நீரை உள்ளே வைத்துக் காத்திருங்கள். மேல் மாடிக் கல்லும் அப்படித்தான் விட்டது.

சரி, எப்படி வைப்பது? கடையிலேயே துண்டு போட்டு வாங்குங்கள். கழுவி, ஈரம் வடித்து, ஒரு நேரக் கறிக்கு வேண்டியதை மட்டும் ஒரு பையில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். பையின் வாயை வெளியே பிடித்தபடி வாளித் தண்ணீரில் மெல்ல இறக்கினால் காற்று தானாக வெளியேறும். காற்று உள்ளே இருந்தால் சதை காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். தட்டில் விரித்து உறைய விட்டு, அடுத்த நாள் புத்தகம் மாதிரி அடுக்குங்கள். சமைப்பதற்கு முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். மறந்துவிட்டால், இறுக மூடிய பையோடு பச்சைத் தண்ணீரில் போட்டு, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மெல்லிய பை சீக்கிரம் இளகும். அப்படி இளகியதைத் திரும்ப உறைய வைக்காமல் சமைத்துவிடுங்கள். மிஞ்சிய கறியைப் பிரீசரில் வைக்கலாம்.

இலக்கத்தைப் பாகை என்று நினைப்பது

உள்ளே இருக்கும் திருகியில் 7 என்றால் ஏழு பாகை அல்ல. பெரும்பாலான பிரிட்ஜ்களில் இலக்கம் கூடக் குளிர் கூடும். "ஒன்றில் வைத்தால் நல்ல குளிர்" என்று ஒரு வருடம் பால் திரைய விட்டவள் நான். கீழே 4 பாகை செல்சியசுக்கு மேல் போகக் கூடாது, பிரீசர் மைனஸ் 18. ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே வையுங்கள்.

"ஆறட்டும்" என்று விட்டு மறப்பது

சூடாக வைத்தால் பிரிட்ஜ் பழுதாகும் என்று அம்மா சொன்னதைக் கேட்டு, சோற்றை விடிய விடிய மேசையில் விடுகிறார்கள். சமைத்தாலும் சாகாத கிருமி வித்துகள் சோற்றில் உண்டு. வெக்கையில் அவை முளைத்துப் பெருகும். அகலத் தட்டில் பரப்பி ஆவி அடங்கியதும், இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே வையுங்கள்.

பாலைக் கதவில் வைப்பது

வேண்டாம். பிரிட்ஜிலேயே குளிர் குறைந்த இடம் அதுதான்.

திகதி எழுதாமல் வைப்பது

எழுதுங்கள்.

கரண்ட் போனதும் திறந்து பார்ப்பது

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். நான் கதவின் குறுக்கே டேப் ஒட்டி வைத்தேன். திறக்காவிட்டால் நிறைந்த பிரீசர் 48 மணித்தியாலம் தாங்கும், அரைவாசி நிறைந்தது 24. கீழ்ப்பகுதி நாலு மணித்தியாலம்தான். வெற்றிடம் இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை முக்கால் பங்கு நிரப்பிப் பிரீசரில் அடுக்குங்கள்.

ஊருக்குப் போய் வந்து அப்படியே சமைப்பது

நல்லூர்த் திருவிழாவுக்குப் போகுமுன் ஒரு கோப்பைத் தண்ணீரைப் பிரீசரில் உறைய வைத்து, மேலே ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை வையுங்கள். வரும்போது குற்றி மேலேயே இருந்தால் பயமில்லை. கீழே இறங்கியிருந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் கரண்ட் போய், உள்ளே இருந்ததெல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது. ஒருமுறை நான் வந்து பார்த்தபோது இறால் பை இரண்டும் கல்லாகத்தான் இருந்தன, மணமும் இல்லை. குற்றி மட்டும் கோப்பையின் அடியில் கிடந்தது. இரண்டு கிலோ இறால். கொட்டிவிட்டேன்.