தலைவி இல்லாத மன்றம் தொடங்குவது எப்படி

முத்தியால்பேட்டையில் நான் முதலில் தொடங்கிய மாதர் மன்றம் மூன்றே கூட்டத்தில் படுத்துவிட்டது. தலைவி யார், செயலாளர் யார் என்பதிலேயே முதல் கூட்டம் முடிந்தது. மற்ற இரண்டையும் வரவேற்புரையும் நன்றியுரையும் தின்றுவிட்டன. பொன்னாடை வாங்கிய கடன் மட்டும் எனக்கு மிஞ்சியது.

பிறகுதான் ஹெட்டரோடாக்ஸி மன்றத்தைப் பற்றிப் படித்தேன். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் 1912இல் மேரி ஜென்னி ஹோவ் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் 25 பெண்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள். எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மனும் தொழிற்சங்கத்து எலிசபெத் கர்லி ஃபிளின்னும் அங்கே ஒன்றாக உட்கார்ந்தவர்கள். ஊரோடு ஒத்து ஊதாத சொந்தக் கருத்து இருக்க வேண்டும். சேர அது ஒன்றே தகுதி. கூட்டக் குறிப்பு எழுதும் வழக்கமே இல்லை. 1940களின் தொடக்கம் வரை நடந்திருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது.

நீங்கள் தொடங்குவதானால் முதலில் நாளைக் குறியுங்கள். சனிக்கிழமை மூன்று மணி நல்லது. சாப்பாட்டுக் கடை முடிந்திருக்கும், விளக்கு வைக்க நேரமிருக்கும். யாருக்காகவும் மாற்றாதீர்கள். திண்ணையில் கூடாதீர்கள். தெருவில் தெரிந்த முகம் போனாலே நம் குரல் தாழ்ந்துவிடும். முற்றத்தில் பாய் விரியுங்கள்.

ஆறு பேர் போதும். மாமியாரும் மருமகளும் ஒரே மன்றத்தில் வேண்டாம். இருவருக்கும் ஆசையென்றால் இரண்டு மன்றம் வையுங்கள். தின்பதற்குச் சுண்டல் மட்டும். பலகாரம் இரண்டானால் பேச்சு சமையல் குறிப்புக்குப் போய்விடும், பார்த்திருக்கிறேன்.

ஹெட்டரோடாக்ஸியில் ஒவ்வொருவரும் தாம் வளர்ந்த கதையைச் சொல்வார்களாம். அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். வாரம் ஒருவர், இருபது நிமிடம், குறுக்கே பேசக் கூடாது. எங்களில் முதலில் பேசியவர் தையல்காரர். பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வன்று அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள், பலகாரம் சுட ஆள் வேண்டுமென்று இவரை நிறுத்திவிட்டார்கள். பதினைந்து ஆண்டாக என் ரவிக்கைக்கு அளவெடுப்பவர். எனக்கு அது தெரியாது.

சொல்லி முடித்ததும் ஆறுதல் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள். "அக்கா என்ன சொன்னார்?" என்று ஒருத்தி கேட்டாள். அன்று விளக்கு வைக்க எல்லோருக்கும் தாமதமாகிவிட்டது.

வீட்டு ஆண்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். என் வீட்டுக்காரர் முதல் நாள் தண்ணீர் கொடுக்கும் சாக்கில் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். இப்போது மூன்று மணிக்குக் கடற்கரைப் பக்கம் கிளம்பிவிடுகிறார். குடத்தை நிரப்பிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.