ஈர்ப்பலை டேட்டாவைத் தோண்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் கோடை ப்ராஜெக்ட்டுக்கு வரும் எம்.எஸ்சி. மாணவர்கள், வெளியை நெளியவைத்துப் பரவும் ஈர்ப்பலைகளை அளக்கும் அமெரிக்க ஆய்வகமான லைகோ எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கும் டேட்டாவை இறக்கிக் கருந்துளை மோதல்களைத் தேடுகிறார்கள். ஒவ்வொரு செட்டும் அதே பள்ளத்தில் விழுகிறது. பைத்தான் பிழைகள், கோப்பை மாற்றி இறக்குவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே கருவியை நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். "சார், சிக்கிருச்சு!" என்று ஓடி வந்தார் ஒரு மாணவர். லைகோவின் இரண்டு கருவிகளில் ஒன்றான லிவிங்ஸ்டனின் டேட்டாவில், கனமான கருந்துளைகளுக்கான டெம்ப்ளேட்டை, அதாவது எதிர்பார்க்கும் அலையின் மாதிரி வடிவத்தை, ஓடவிட்டிருக்கிறார். பெரிய முகடு ஒன்று வந்திருக்கிறது. போஸ்டரே அச்சடித்தாயிற்று. அதே நொடியில் இன்னொரு கருவியான ஹான்ஃபோர்டில் என்ன என்று கேட்டேன். "அதைப் பாக்கலையே சார்." பார்த்தோம். ஹான்ஃபோர்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது, அங்கே ஒன்றுமே இல்லை. அவரிடம் சிக்கியது பிளிப் என்கிற கிளிட்ச். சில மில்லிநொடியே இருக்கும் கருவி இரைச்சல். கனமான கருந்துளைகளின் சிக்னலும் ஒரு நொடிகூட நீடிக்காது என்பதால் டெம்ப்ளேட் ஏமாந்துபோகிறது.

இரண்டு கருவிகளுக்கும் இடையே சுமார் 3,000 கி.மீ. ஒளி வேகத்தில் வரும் அலை 10 மில்லிநொடிக்குள் இரண்டையும் தொட்டாக வேண்டும். 2015 செப்டம்பர் 14 அன்று சிக்கிய முதல் ஈர்ப்பலை அப்படித்தான்: லிவிங்ஸ்டனில் தெரிந்தது, 6.9 மில்லிநொடி கழித்து ஹான்ஃபோர்டில் தெரிந்தது. அதோடும் லைகோ குழுவினர் விடவில்லை. உண்மை அலை ஒத்துவரவே முடியாதபடி ஒரு கருவியின் டேட்டாவை நேரத்தில் நகர்த்தி நகர்த்தி, வெறும் இரைச்சலே இப்படி ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டார்கள்: 2,03,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கும் குறைவு. நம் பிள்ளைகள் இந்த நகர்த்தலைத் தொடுவதே இல்லை.

சரி, கிளிட்ச் இருந்தாலே குப்பையா? அதுவும் தப்பு. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைவதற்குச் சுமார் ஒரு நொடி முன்னால் லிவிங்ஸ்டனில் பெரிய கிளிட்ச். தானியங்கி நிரல் அந்த டேட்டாவை ஒதுக்கிவிட்டது. ஆனால் சிக்னல் 100 நொடி அளவுக்கு நீண்டிருந்தது; நேரத்தோடு அதிர்வெண் எப்படி மாறுகிறது என்று படம் போட்டுப் பார்த்தவர்களுக்கு, வளைந்து மேலேறும் கோடு கண்ணுக்கே தெரிந்தது. அவ்வளவு நீளத்துக்கு எந்த பிளிப்பும் வேஷம் போடாது.

50 ஹெர்ட்ஸை வடிகட்டுவது

கரண்டின் இரைச்சல் டேட்டாவில் கலந்திருக்கும், அதை வடிகட்ட வேண்டும். ஆனால் 50 நம் ஊர் கரண்ட். கருவிகள் இருக்கும் அமெரிக்காவில் 60.

நேரக் குழப்பம்

கோப்பில் இருப்பது ஜி.பி.எஸ். நொடி, அதாவது ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் நேரக் கணக்கு. உலக நேரத்தைவிட (யு.டி.சி.) 2015 செப்டம்பரில் 17 நொடி முந்தி, 2017 முதல் 18. அதைக் கழித்த அப்புறம்தான் நம் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும்.

நிறை

பிரபஞ்சம் விரிவதால் அலை நீண்டுதான் வந்து சேர்கிறது. கருவி காட்டும் நிறை உண்மையைவிடக் கூடுதல். அலை எவ்வளவு நீண்டது என்பதைச் சொல்லும் சிவப்புப் பெயர்ச்சி எண்ணோடு ஒன்றைக் கூட்டி, அதால் வகுத்த பிறகு போஸ்டரில் போடுங்கள்.