பதக்கத்தின் விளிம்பில் கிடைத்த பூட்டன்

யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்த எங்கள் பூட்டன் முதலாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்தவர். வெள்ளவத்தையில் இருந்தபடியே, பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டைகளில் (பதக்கத்துக்கு உரிய படையினரின் விவரம் பதிந்த அட்டைகள்) இணையத்தில் பெயரைப் போட்டுத் தேடினேன். வரவில்லை. எழுத்துக்கூட்டலை மாற்றியும் பயனில்லை. கொழும்பு 7 தேசிய சுவடிக்கூடத்தில் பழைய வர்த்தமானிகளைப் புரட்டினேன், அதிலும் இல்லை.

அப்புறம் அம்மம்மாவின் பெட்டியிலிருந்த வெள்ளிப் பதக்கத்தை எடுத்தேன். எல்லோரும் ஐந்தாம் ஜோர்ஜின் தலையைத்தான் பார்ப்பார்கள். விவரம் இருப்பது விளிம்பில். யன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, லென்ஸால் பார்த்தால் படை இலக்கம், பதவி, பெயர், பிரிவு. மினுக்க வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும். (இரண்டாம் உலகப் போருக்குப் பிரித்தானியா கொடுத்தவற்றில் பெரும்பாலும் பெயர் இராது.)

இலக்கத்தைப் போட்டதும் அட்டை வந்தது. பூட்டனின் பெயரையே குடும்பப் பெயராக்கி, தகப்பன் பெயரை விட்டிருந்தார்கள். பெரிய நிம்மதி.