ப்ளூ பிளாக் மை பரவியபோது

தண்டையார்பேட்டை வீட்டுக் கணக்கு நோட்டில் ப்ளூ பிளாக் மையால் எழுதினால் எழுத்துக்கெல்லாம் மீசை முளைத்தது. பின்பக்கம் எழுதவே முடியவில்லை. மையை மாற்றச் சொன்னார்கள். எனக்கென்னவோ தாள் மேல்தான் சந்தேகம்.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பாண்டு பேப்பர், லெட்ஜர் தாள், ஜெராக்ஸ் தாள் எல்லாம் கொஞ்சம் வாங்கி, அதே பேனாவால் அதே வரியை எழுதிப் பார்த்தேன். கணக்கு எழுதும் ரஃப் நோட்டுதான் படுமோசம். பசைச் சேர்ப்பு குறைந்த தாளில் நார் மையை இழுத்துக்கொள்ளும். ஜெராக்ஸ் தாள் சுமார், லெட்ஜர் பரவாயில்லை. பாண்டில் ‘ழ’வின் சுழி கூட அடையாமல் நின்றது. ஆனால் காய நேரமாகும், இடக்கையால் எழுதுபவர்கள் ஜாக்கிரதை.

என்னுடையது இரும்பு உப்பு சேர்ந்த பழைய வகை மை. எழுதும்போது நீலம், காற்றுப் பட்டு இரும்பு ஆக்ஸிஜனோடு சேரச் சேரத்தான் கறுக்கும். அதனால் நிறத்தை மறுநாள் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

சரி, பாதி எழுதிய நோட்டை என்ன செய்வது? ஃபைன் நிப் மாட்டினேன். மை குறைவாக இறங்கியது, மீசையும் குறைந்தது. கடிதங்களுக்கு இனி பாண்டுதான். அப்புறம், இந்த மை அமிலத்தன்மை உள்ளது. பேனாவில் காயவிடாமல் அவ்வப்போது தண்ணீரில் கழுவிவிடுங்கள்.