தப்பி வந்தவர்களைப் படமெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் ஆவணப்படம் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது, மலையேற்ற விபத்துகளில் தப்பியவர்களைப் பற்றிய படங்களைத்தான். பனியும் கயிறும் எங்களுக்கு அந்நியம். அதனால் கதைக்குள் மூழ்காமல், தப்பியவர் எப்படிப் பேசுகிறார், படமெடுத்தவர் எந்த இடத்தில் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார் என்று கவனிக்கலாம். பிறகு பிள்ளைகள் முல்லைத்தீவுக் கரைக்கும் புதுக்குடியிருப்புப் பக்கமும் போய், 2004 ஆழிப்பேரலையையும் 2009 இறுதிப் போரையும் கண்டவர்கள் முன்னால் கமராவை வைப்பார்கள். வருகிற அணியெல்லாம் அங்கேதான் சறுக்குகிறது. பற்றரி, முக்காலி, வெளிச்சம் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அது கைப்பழக்கத்தில் வந்துவிடும்.

ஒருவர் சொன்னதை வைத்து இன்னொருவரைத் திருத்துவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதற்குத்தான். அண்மையில் ஒரு திண்ணையில் நடந்தது. அம்மா ஒருவர் சுளகில் அரிசி புடைத்தபடி, "மாத்தளனில இருக்கேக்கதான் மகனுக்குக் காயம்" என்று சொல்லத் தொடங்கினார். கேள்வி கேட்ட தம்பி கொப்பியைப் புரட்டினார். "இல்லை அம்மா, உங்கட தங்கச்சி வலைஞர்மடம் எண்டெல்லோ சொன்னவா. என்ன திகதி?" சுளகு நின்றது. "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும், தம்பி. எனக்கு இப்ப எல்லாம் மறதி." அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் "ஓம்" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. மகனைப் பற்றி அவர் சொல்ல வந்தது என்னவென்று யாருக்கும் தெரியாது. திரும்பப் போய்க் கேட்டும் அவர் கமரா முன் இருக்கச் சம்மதிக்கவில்லை.

நினைவு பிசகாது என்று நான் சொல்ல வரவில்லை. 1996 மே மாதம் எவரெஸ்ட்டில் அடித்த புயலில் எட்டுப் பேர் இறந்தார்கள். தப்பி வந்தவர்களில் ஜோன் கிராக்காவர் ஒரு பத்திரிகையாளர், பார்த்ததைக் குறித்துக்கொள்வதே தொழிலானவர். வழிகாட்டி அன்டி ஹரிஸைக் கூடாரங்களுக்குக் கிட்டக் கண்டதாக அவர் உறுதியாகச் சொன்னார். அங்கே அவர் கண்டது மார்ட்டின் அடம்ஸை என்பது பிறகுதான் தெளிவானது. ஹரிஸ் அவ்வளவு தூரம் இறங்கி வரவேயில்லை. ஒட்சிசன் குறைந்த காற்றிலும் புயலிலும் அப்படி நடக்கும். பதுங்குகுழியில் பசியோடும் நித்திரையில்லாமலும் கிடந்தவருக்கும் இடம் மாறும், நாள் மாறும். ஆனால் கிராக்காவரும் அடம்ஸும் தாங்கள் கண்டதை முழுமையாகச் சொன்னபடியால்தான் இரண்டையும் வைத்து ஒப்பிட முடிந்தது. பாதியில் மறித்தால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. சரிபார்க்கத்தான் வேண்டும். அதை வீட்டுக்கு வந்து, எடிற்றிங்கில் செய்யுங்கள்.

சரிபார்த்தும் முடிவு கிடைக்காத இடங்கள் இருக்கும். 2008 ஓகஸ்ட்டில் கே2 மலையில் பனிப்பாளம் உடைந்து கயிறுகளை அள்ளிக்கொண்டு போனது. அந்த விபத்தில் மொத்தம் 11 பேர் இறந்தார்கள். கயிற்றில் சிக்கித் தொங்கிய மூவரை, ஜெரார்ட் மக்டொனல் என்ற மலையேறி விட்டுப் போனாரா, நின்று விடுவித்தாரா என்பதில் இன்றும் இரண்டு கதை உண்டு. மக்டொனலும் உயிரோடில்லை. இப்படியான இடத்தில் இரண்டு கதையையும் அடுத்தடுத்து வைத்துவிடுங்கள். பார்க்கிறவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

திகதி கேட்கிற பழக்கத்தையும் விடுங்கள். எங்கள் சனம் போரின் கடைசி மாதங்களை இடங்களாகத்தான் வைத்திருக்கிறது: தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். "அங்கால எங்க போனியள்?" என்று கேட்டால் போதும். ஆர் கூட இருந்தது, எந்த மரத்தின் கீழ் சமைத்தது என்று எல்லாம் வரும். திகதியைப் பிறகு நீங்கள் தேடிக்கொள்ளலாம்.

நன்றாகப் பேசுகிறவரையே தேடிப் போவது

கே2 என்றதும் கமராக்கள் முதலில் மேற்கு நாட்டு ஏறிகளைத்தான் சூழ்ந்தன. ஆனால் பனிக்கோடரி இல்லாமல் நின்ற பசாங் லாமாவைத் தன்னோடு கட்டிக்கொண்டு, ஒரே கோடரியோடு அந்த இரவில் கீழே இறக்கியவர் சிரிங் டோர்ஜே ஷெர்பா என்ற நேபாளி. இங்கேயும் சங்கத் தலைவரும் ஓய்வுபெற்ற அதிபரும் வருகிற எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிக் கதையை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் கட்டாயம் போங்கள். ஆனால் அவர்களோடு நின்றுவிடாதீர்கள்.

"சத்தம் விழேல்ல, இன்னொருக்கா சொல்லுங்கோ"

கேட்கவே கூடாது. சோளகக் காற்று மைக்கில் இரையும் என்பது போக முன்னமே தெரியும்.

அழுகைக்கு இசை போடுவது

வேண்டாம்.

சம்மதத்தை ஒருமுறை மட்டும் கேட்பது

தொடக்கத்தில் "ஓம் தம்பி, எடுங்கோ" என்றவருக்கு, தான் என்ன சொல்லப் போகிறார் என்பது அப்போது தெரியாது. பேசி முடிந்ததும் ஒருமுறை, வெட்டித் தொகுத்த பிறகு இன்னொரு முறை கேளுங்கள். அவருடைய பகுதியைப் போனிலாவது போட்டுக் காட்டுங்கள். காணாமலாக்கப்பட்ட பிள்ளையை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் தாய்க்கு, ஒரு பெயரோ ஒரு முகமோ வெளியே போவது பெரிய விசயம். "இதை எடுத்துவிடு, ராசா" என்று சொன்னால், படத்தின் ஆகத் திறமான இடமாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். ஏன் என்று கேட்க வேண்டாம்.