மெல்லிய பெட்டிக்குக் கழலாத கொக்கிப் பூட்டு

வள்ளத்தில் பூட்டும் எல்ஈடி விளக்கின் சுற்றுப்பலகைக்கு ஒரு சின்னப் பெட்டி வேண்டும். 60க்கு 40 மிமீ, ஏபிஎஸ் பிளாஸ்டிக், சுவர் 1.5 மிமீ. உள்ளே திருத்த ஒன்றுமில்லை, ஒருமுறை மூடினால் போதும். திருகோணமலைக் கொட்டியாரக் குடாவின் உப்புக் காற்றில் இரும்புத் திருகாணி துருப்பிடித்துவிடும். ஆகவே மூடியில் நான்கு கொக்கி, பெட்டிச் சுவரின் உள்முகத்தில் நான்கு பள்ளம்.

முதலில் கொக்கித் தண்டின் கணக்கு. அடியில் வரும் விகாரம் (வளையும்போது பிளாஸ்டிக் இழுபடும் வீதம்) = 1.5 × தடிப்பு × வளையும் தூரம் ÷ நீளத்தின் வர்க்கம். தண்டு 8 மிமீ நீளம், 1.2 மிமீ தடிப்பு, நுனியில் துருத்தும் மூக்கு 0.8 மிமீ (தண்டு வளைய வேண்டிய தூரமும் இதுவே) என்று வைத்தால் 2.25% வரும். ஏபிஎஸ் இதைச் சிரமமில்லாமல் தாங்கும். இடமில்லை என்று அதே தண்டை 5 மிமீக்குக் குறைத்துப் பாருங்கள், 5.8% ஆகிவிடும். மூடும்போதே அடி வெளுத்து, ஒன்றிரண்டு முறியும். தடிப்பைக் குறைப்பதைவிட நீளத்தைக் கூட்டுவதுதான் பலன் தரும், ஏனென்றால் நீளம் வர்க்கமாக வேலை செய்கிறது.

தண்டின் அடி மூலையைக் கூராக விடவே கூடாது. தடிப்பில் பாதி, அதாவது 0.6 மிமீ ஆரை கொடுங்கள். முறிந்து வரும் கொக்கிகளில் பெரும்பாலானவை இந்த மூலையில்தான் முறிந்திருக்கும்.

மூக்கின் முன் சரிவு 30 பாகை. பின்முகம் 90 பாகை, அதுதான் பூட்டைக் கழலாததாக்குகிறது. 45 பாகை வைத்தால் இழுத்ததும் வழுக்கி வெளியே வந்துவிடும். தண்டு 6 மிமீ அகலம் என்றால் நான்கையும் சேர்த்து அழுத்த ஏறத்தாழ 50 நியூட்டன் வேண்டும், கிட்டத்தட்ட 5 கிலோ. இரண்டு கட்டைவிரல் போதும்.

மெல்லிய பெட்டியில் பெரும்பாலும் தோற்பது கொக்கியல்ல, அது பிடிக்கும் பெட்டிச் சுவர். 60 மிமீ நீளச் சுவரை நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள், எவ்வளவு நெகிழ்கிறது என்று தெரியும். வள்ளம் அடிபட்டு மூடி இழுபடும்போது அந்தச் சுவர் 0.5 மிமீ வெளியே புடைத்தால், 0.8 மிமீ பிடியில் மிஞ்சுவது 0.3தான். கொக்கி முறியாமலே மூடி கழன்றுவிடும். பெரிய மூக்கு வைத்து இதைச் சரிக்கட்டப் பார்ப்பவர்கள் விகாரத்தை ஏற்றிக்கொள்கிறார்கள், வேறொன்றுமில்லை. மூடியின் விளிம்பில் 1 மிமீ தடிப்பில் ஓர் உதட்டை அமைத்து, அது சுவரின் வெளிமுகத்தில் 2 மிமீ இறங்குமாறு விடுங்கள். சுவர் புடைக்க இடமே இருக்காது. கூடவே பள்ளத்தின் இரு பக்கத்திலும் உள்ளே ஒரு சிறு நெடுக்கு விலா. விலாவின் தடிப்பு சுவரில் பாதியளவு இருக்கட்டும், கூடினால் வெளியே குழி விழும்.

பள்ளம் வெளிவரை ஊடுருவினால் சின்ன ஸ்குரூட்ரைவர் போதும் திறக்க. 0.9 மிமீ ஆழத்தோடு நிறுத்தி வெளியே 0.6 மிமீ தோல் விட்டுவிடுங்கள். பள்ளத்தின் மேல்விளிம்புக்கும் கொக்கியின் பின்முகத்துக்கும் இடையில் 0.1 மிமீ இடைவெளி வேண்டும். அதைவிடக் குறைத்தால் கொக்கி விழாது, கூட்டினால் மூடி ஆடும். கொக்கி விழுந்த பிறகு தண்டு பழைய நேர்நிலைக்கே திரும்ப வேண்டும். வளைந்தபடி நின்றால் வெயிலில் நாளடைவில் தளர்ந்து பிடி போய்விடும்.

பிளாஸ்டிக்கை வார்க்கும் உருக்கு அச்சில் இந்தப் பள்ளத்துக்கு லிஃப்டர் (பெட்டியை வெளியே தள்ளும்போது சாய்வாக நகர்ந்து பள்ளத்திலிருந்து விலகும் துண்டு) தேவைப்படும், செலவு கூடும். அச்சில் மூக்குக்கான குழியை முதலில் 0.6 மிமீக்கு வெட்டச் சொல்லுங்கள். போதாவிட்டால் உருக்கைக் கொஞ்சம் சுரண்டி 0.8 ஆக்கலாம். முதலிலேயே கூடுதலாக வெட்டிவிட்டால் உருக்கைத் திரும்ப ஒட்டுவது பெரும்பாடு.

பிளாஸ்டிக் தெரிவில் ஒரு எச்சரிக்கை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் பெற்றோல், கிரீஸ் படும் இடமென்றால் ஏபிஎஸ் வேண்டாம். இழுவிசையில் நிற்கும் மூலையில் எண்ணெய் பட்டால் வெடிப்பு விழும். நைலோன் எரிபொருளைத் தாங்கும், ஆனால் அச்சிலிருந்து வந்த கையோடு காய்ந்திருக்கும், வளைத்ததும் முறியும். ஈரம் ஏற விட்ட பிறகே மூட வேண்டும். நைலோன் ஈரத்தில் கொஞ்சம் பருக்கும் என்பதால் மேலே சொன்ன 0.1 மிமீயைக் கூட்டிக்கொள்ளுங்கள். எதுவானாலும் கச்சான் காற்று வீசும் காலத்து வெயிலில் கிடக்கும் பெட்டிக்குக் கருப்பு நிறம்தான் நல்லது. அதிலுள்ள காபன் கருப்பு, புறஊதாக் கதிரைத் தடுக்கும்.

3டி பிரிண்டரில் மாதிரி எடுப்பதானால் தண்டைப் படுக்கவைத்து அச்சிடுங்கள். நிமிர்த்தி அச்சிட்டால் அடுக்குகளுக்கிடையே பிளந்து, நல்ல வடிவத்தைக்கூடக் கெட்டது என்று நினைக்கவைக்கும்.

அச்சிலிருந்து வந்த முதல் தொகுதியில் பத்துப் பெட்டியை மூடி ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டு, ஹக்சோ வாளால் குறுக்கே அறுத்துத் தண்டின் அடியைப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் ஆரையைக் கூட்டுங்கள். தெரியாமல் மூடி மட்டும் ஆடினால் உதட்டைப் பாருங்கள்.