இரவுக் காணொளியில் புள்ளி இரைச்சலைக் குறைக்க

தீபாவளி ஒளியூட்டின்போது சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் டிஎஸ்எல்ஆர் கேமராவால் காணொளி எடுத்தவர்கள், வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்க்கையில், கறுப்பாக இருக்க வேண்டிய வானத்தில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் (இதுவே இரைச்சல்) நெளிவதைக் கண்டு சோர்ந்துபோவதுண்டு. இதற்காகப் புதிய கேமரா வாங்க வேண்டியதில்லை; பெரும்பாலும் லென்ஸை மாற்றினாலே போதும். கேமராவுடன் வரும் 18-55 மிமீ லென்ஸ், 55 மிமீ நிலையில் பொதுவாக எஃப்/5.6-க்கு மேல் (இந்த எண் சிறிதானால் திறப்பு பெரிது) திறக்காது. 50 மிமீ எஃப்/1.8 லென்ஸோ ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுவதால், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு; இது கூடினால் புள்ளிகளும் கூடும்) 3200 கேட்கும் காட்சியை 320-இலேயே எடுத்துவிடலாம். ஆனால், லென்ஸ் இவ்வளவு அகலத் திறக்கும்போது நடந்து வருபவரின் முகம் ஓரடி நகர்ந்தாலே மங்கிவிடும் என்பதால், ஃபோகஸ் வளையத்திலிருந்து கையை எடுக்கக் கூடாது.

விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டரை 1/50 விநாடியில் வையுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழ்த்தள விளக்குகள் மினுக்குவதும் பெரும்பாலும் அடங்கும்.

ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட வேண்டாம். ஐஎஸ்ஓ கூடிவிடுமோ என்று அஞ்சி இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சத்தைக் கூட்டுவது அதைவிட மோசம், ஏனெனில் நிழலில் பதுங்கியிருந்த இரைச்சல் முழுவதும் அப்போதுதான் மேலே வரும். ஒவ்வொரு காட்சியும் முடிந்ததும் லைவ் வியூவை (கேமராத் திரையில் நேரடியாகப் பார்க்கும் வசதியை) அணைத்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் சென்சார் விரைவில் சூடாகும், சூடு கூடினால் புள்ளிகளும் கூடும்.